ஆர்கன் வாசிக்கும் காலிப் பெட்டி

ரூடி லாம்பினெனின் மனைவி மார்லிஸ் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருவதற்காக அரிசோனாவுக்குப் போனாள். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், பெரிய ஏரியின் கரையிலிருக்கும் டுலூத்தில் இது ஒரு செய்தியே அல்ல. அறுபதை நெருங்கியவர்களில் பாதிப்பேர் அக்டோபரில் கிளம்பிப்போய், ஏரியில் பனிப்பாளம் உடைந்த பிறகு திரும்புவார்கள். மார்லிஸ் போனதற்கு அடுத்த வசந்தத்தில் பாளம் ஏப்ரலில் உடைந்தது. அவள் வரவில்லை. அதற்கடுத்த வருடம் கொஞ்சம் தாமதமாக, மே முதல் வாரத்தில் உடைந்தது. அப்போதும் வரவில்லை. ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. "மார்லிஸ் எப்படி இருக்கா? வெயில் எப்படியாம்?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜூலை மாதம் கழுத்து வியர்வையைத் துடைத்தபடியே, "குளிருக்கு அங்க இதமா இருக்கும்ல?" என்று விசாரித்த புண்ணியவான்களும் உண்டு. ரூடி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "பரவால்ல."

ரூடிக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் நகராட்சியில், வண்டி நிறுத்தக் காசு வாங்கும் தெருவோர மீட்டர்களைப் பழுது பார்த்தவர். ஜனவரிக் குளிரில் காசு உறைந்து அடைத்துக்கொண்ட மீட்டரை எந்த இடத்தில் தட்டினால் அது விழுங்கும் என்று அவருக்குத் தெரியும். பிறகு நகராட்சி மீட்டர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டணத்தைக் கைபேசிச் செயலிக்கு மாற்றியது. ரூடியையும் தெருவிலிருந்து பிடுங்கி ஒரு மேஜைக்குப் பின்னால் நட்டார்கள். செயலி வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம், "அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க" என்று சொல்வது இப்போது அவர் உத்தியோகம். பழைய மீட்டர்களின் இரும்புக் கதவுகள் நாற்பது, அவர் வீட்டுக் கார் கொட்டகையில் அடுக்கியிருந்தன. எதற்கென்று கேட்டால் தெரியாது. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்.

மலைச்சரிவில் இருக்கும் லுத்தரன் சர்ச்சில், ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்கால் ஆராதனைக்கு ரூடி கிடார் வாசிப்பார். மார்லிஸ் கீபோர்டில் ஆர்கன் வாசிப்பாள். வாசித்தாள், பத்தொன்பது வருடம். அவள் உட்காரும் பெஞ்சு மரத்தாலானது. மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பாட்டுப் புத்தகங்கள் வைக்க இடம் இருக்கும். பலகை மேல் நீலப்பூ போட்ட மெத்தை, அவளே தைத்தது.

அந்த சர்ச்சில் ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காருவதில்லை. மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்துவந்த முதியவர் ஒருவர் இறந்து ஆறு வருடமாகிறது. புதிதாக வருகிற குடும்பம்கூட, யாரும் சொல்லாமலே, அந்த ஓரத்தை விட்டுவிட்டு நெருக்கி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மேடைப் பெஞ்சு வேறு. ஆர்கன் இல்லாமல் ஒரு குளிர்காலம் பாடலாம். இரண்டாவது குளிர்காலத்தில் சபைக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சர்ச் மன்றத்தின் தலைவி ஆர்டிஸ் ஸ்டென்பெர்க், எழுபது தாண்டியவர், அடித்தள உணவறையில் காபியை ஊற்றிக்கொண்டே தொடங்கினார்.

"ரூடி, நான் சும்மா கேக்குறேன். மார்லிஸ் வர்ற வரைக்கும் மட்டும், வேற யாரையாவது அங்க உக்கார வச்சுப் பாக்கலாமா?"

"ஆர்கனையும் நானே வாசிச்சிடறேன்" என்றார் ரூடி.

"உங்களுக்குக் கீபோர்டு தெரியுமா?"

"தெரியாது. கிடார்லயே வாசிச்சிடலாம்."

அதற்கு ஒரு மென்பொருள் இருந்தது. கிடாரை லேப்டாப்பில் சொருகினால், நீங்கள் எந்தச் சுரத்தை மீட்டுகிறீர்கள் என்று அது காதுகொடுத்துக் கேட்டு, அதை மிடி என்ற குறிப்புமொழியில் எழுதி, லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் ஆர்கன் ஒலியிடம் கொடுக்கும். மிடியில் சத்தம் கிடையாது. இந்தச் சுரம், இவ்வளவு அழுத்தம், இப்போது தொடங்கு, இப்போது நிறுத்து. அவ்வளவுதான் அதற்குப் பேசத் தெரியும். டுலூத்காரர்களின் பேச்சும் ஏறக்குறைய இந்த வகை என்பதால் ரூடிக்கு அதைப் பழக அதிக நாள் ஆகவில்லை.

ஒரே நிபந்தனை, கிடாரைக் கிடார் போல வாசிக்கக்கூடாது. நரம்பை வளைத்தால், விரலை வழுக்கினால், கொஞ்சம் நடுக்கம் சேர்த்தால் மென்பொருள் குழம்பிப்போய், சம்பந்தமில்லாத சுரங்களைக் கக்கும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, நேராக, மீட்டரில் காசு போடுவதுபோலப் போடவேண்டும். ரூடியின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் வெண்டல், காகித ஆலையில் வேலை, சர்ச்சில் பேஸ் கிடார், முதல் ஒத்திகையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"உணர்ச்சி இல்லாம வாசிக்கணுமா? அப்ப இதை உனக்காகவேதான்டா செஞ்சிருக்காங்க."

அப்படியாக ஆர்கன் வந்தது. மார்லிஸின் பெஞ்சு அப்படியே கிடந்தது. ரூடிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்தப் பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால், அவள் வரப்போவதில்லை என்பது அறிவித்ததுபோல் ஆகிவிடும். காலியாக இருக்கிறவரை அவள் குளிருக்குத் தப்பிப் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த வருட ஈஸ்டருக்கு "முடிஞ்சா வரேன்" என்று சொல்லியிருந்தாள். ரூடி ஆராதனை நெடுக வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்ததில், பிரசங்கம் தொடங்குமுன் கிடாரின் ஒலிக்குமிழைக் குறைக்க மறந்துவிட்டார். பாஸ்டர் லோவெலுக்குக் கிணற்றிலிருந்து வருவது போன்ற குரல். அவர் பேசப் பேச, தாங்கியில் நின்ற கிடாரின் தடித்த நரம்பு கூடவே அதிர்ந்தது. மென்பொருள் அதையும் பக்தியோடு கேட்டது. "கல்லறையின் கல் புரட்டப்பட்டிருந்தது" என்றார் பாஸ்டர். ஆர்கன், "ம்ம்ம்" என்றது. "கல்லறை வெறுமையாயிருந்தது." "ம்ம்ம்ம்." பாஸ்டர் ஒருமுறை கூரையைப் பார்த்தார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கமுடியாமல் பெஞ்சுகளுக்கு அடியில் போனார்கள். ரூடி பாய்ந்துபோய்க் குமிழைத் திருகியபோது, லேப்டாப் தனக்கு ஒரு புதுப்பிப்பு வந்திருப்பதாக அறிவித்துவிட்டு, நீலத்திரைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. எழுந்துவர ஒன்பது நிமிடம். வருடத்தின் பெரிய பாட்டைச் சபை வெறுங்குரலில் பாடி முடித்தது. வாசற்கதவு வழியாக யாரும் வரவில்லை.

கீழே காபிக்குப் போனபோது ஆர்டிஸ் எலுமிச்சைத் துண்டுப் பலகாரத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இன்னிக்கு ஆர்கன் வித்தியாசமா இருந்துச்சு."

அந்த ஊரில் ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆகக் கடுமையான வார்த்தை அதுதான். ரூடி தட்டைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

மே மாதத்தில் மன்றம் கூடியது. ஆராதனை மேடையில் கணினிகள் இல்லாதிருப்பது நலம் என்று மன்றத்துக்கு மென்மையாகத் தோன்றியது. குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ஆர்டிஸ் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

"பக்கத்து ஊர் குளோக்கேயில ஒரு பொண்ணு இருக்காளாம். பியானோ டீச்சர். செப்டம்பர்ல இருந்து வர முடியுமாம். கெட்டிக்காரியாம்."

"கணினி இல்லாமலே பண்ணிடலாம், ஆர்டிஸ். அதே சமாச்சாரம் இப்ப பெடலா வருது. சின்ன இரும்புப் பெட்டி, தரையில வச்சு மிதிக்கிறது. கிடார்காரங்க எல்லாரும் வச்சிருப்பாங்களே, அந்த மாதிரி."

"அப்படியா? எப்ப வருது?"

"செப்டம்பர்ல" என்றார் ரூடி.

பெடலாக வரவில்லை. வரும் என்று நம்புகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். கிடார்காரர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில், அந்த மென்பொருள் பெடலாக வந்தால் எப்படியிருக்கும் என்று ஒன்பது வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரூடியும் அதில் வாசகர். பேச்சு எப்போதோ, வந்தால் என்ற இடத்தைத் தாண்டிவிட்டது. ஒருவர் அதற்குப் படம் வரைந்து போட்டார். இன்னொருவர், குமிழ்கள் நெருக்கமாக இருக்கின்றன, தன் கால் பெரிது என்று குறைபட்டார். மூன்றாமவர் பச்சை நிறத்தில் கிடைக்குமா என்றார். நாலு வருடம் கழித்துப் புதிய படம் ஒன்று வந்ததும், பழைய படத்துப் பெடலில் இருந்த கனமான ஒலி இதில் இல்லை என்று பலர் வருந்தினார்கள். ஒருவர் தன்னுடையதை விற்கப்போவதாக எழுதியிருந்தார்.

ரூடி அந்தக் கோடையை அதற்கே கொடுத்தார். மீட்டர்க் கதவு ஒன்றை அறுத்து, மடக்கி, பற்றவைத்துப் பெட்டியாக்கினார். மூன்று குமிழ், ஒரு மிதிப்பொத்தான், ஒரு சிவப்பு விளக்கு. கதவில் இருந்த கண்ணாடிச் சன்னலை எடுக்காமல் விட்டார். அதற்குப் பின்னால், போட்ட காசுக்கு நேரம் முடிந்ததும் காலாவதி என்று சொல்லும் பழைய சிவப்புத் தகடுகூட இருந்தது. உள்ளே, சோப்புக்கட்டி அளவு கணினிப்பலகை ஒன்றை வாங்கிவைத்து மென்பொருளை ஏற்றிப் பார்த்தார். ஏறியது. ஓடியது. ஆனால் சுரத்தை மீட்டினால் ஆர்கன் அரை நொடி கழித்துத்தான் வந்தது. முதல் வரி முடிந்து இரண்டாம் வரி தொடங்கும்போது, முதல் வரியின் வால் வந்து சேரும். ஆகஸ்ட் வரை பலகையை மாற்றினார், கம்பியை மாற்றினார், எழுதினார், அழித்தார். அரை நொடி குறையவில்லை. அந்தப் பெட்டியில்தான், நேரத்துக்கு வராத லுத்தரன் ஒருவரை அவர் முதல்முறையாகப் பார்த்தார்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை காலை, பலகையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். கோபத்தோடெல்லாம் இல்லை. உள்ளே வந்த கம்பியை வெளியே போகும் கம்பியோடு நேராக இணைத்தார். விளக்குக்கு ஒரு பேட்டரி வைத்தார். பெட்டியை மூடிவிட்டு வெண்டலைக் கூப்பிட்டார்.

சர்ச்சில் யாருமில்லாத மதியநேரம் இருவரும் மேடைக் கம்பளத்துக்கு அடியில் ஒரு கம்பியை ஓட்டினார்கள். கிடாரிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து கம்பளத்துக்கு அடியில் மார்லிஸின் பெஞ்சுக்கு. பெஞ்சுக்குள் லேப்டாப். அங்கிருந்து, அவள் கீபோர்டுக்கென்று ஒலிபெருக்கிக்குப் போகும் பழைய கம்பி.

"இந்தப் புத்தகத்தையெல்லாம் எடுத்துட்டா லேப்டாப் சரியா உக்காரும்டா" என்றான் வெண்டல்.

"இருக்கட்டும்."

"மேல்பலகை மூடலையே."

"மெத்தை மறைச்சுக்கும்."

வெண்டல் தரையிலிருந்த பெட்டியை மிதித்தான். விளக்கு எரிந்தது. மறுபடி மிதித்தான். அணைந்தது.

"சரி, இது என்ன பண்ணுது?"

"எரியுது."

"நல்லா எரியுது. ஆமா, யாராவது இந்தப் பெஞ்சுல உக்காந்தா?"

"யாரும் உக்கார மாட்டாங்க" என்றார் ரூடி.

வெண்டல் மெத்தையைப் பலகைமேல் நேராக இழுத்துவிட்டான். அவனும் அந்த ஊர்க்காரன்தான்.

செப்டம்பரில் பெடல் அரங்கேறியது. ரூடி மிதித்தார், சிவப்பு விளக்கு எரிந்தது, மார்லிஸின் பெஞ்சுக்குள்ளிருந்து ஆர்கன் புறப்பட்டது. சபை தலையாட்டிப் பாடியது. குளோக்கே பியானோ டீச்சருக்கு ஆர்டிஸ் நன்றிக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். "பரவால்லையே, ரூடி" என்றார். அதற்கு மேலான பாராட்டு அந்த ஊரில் அச்சாகவில்லை.

அக்டோபரில் பல் டாக்டர் டார்வின் சோபெர்க் மேடையருகே வந்து நின்றார். நகரின் பாதி வாய்களைப் பார்த்தவர். வீட்டில் அறுபத்துச்சொச்சம் பெடல்கள் வைத்திருக்கிறார். கிடாரும் உண்டு.

"ரூடி, ஒரு வாரம் குடுக்கிறீங்களா? அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னாடி கொண்டுவந்திடறேன்."

இல்லை என்று சொல்லும் வழக்கம் ரூடிக்கு இல்லை. கழற்றிக் கொடுத்தார். அந்த ஒரு வாரமும் அலுவலக மேஜையில் உட்கார்ந்து, அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க என்று சொல்லிக்கொண்டே, டாக்டர் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தார். பயமா என்றால், பயம் என்று சொல்லமுடியாது. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. டாக்டர் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தார், பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"ஆர்கன் எனக்கு வரல. என் பக்கம்தான் தப்பா இருக்கும், குமிழ் எதையாவது சரியா வைக்கல போல. ஆனா ரூடி, நான் ஒண்ணு சொல்றேன். சும்மா இது வழியா கிடாரை விட்டாலே ஒலி மாறுது. கதகதன்னு இருக்கு. நடுக்குமிழை ரெண்டு மணி திசையில வச்சா இன்னும் ஆழம். என் பொண்டாட்டிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவளுக்கே கேட்டுச்சு."

நடுக்குமிழ் எதனோடும் இணைக்கப்படவில்லை. இரண்டு பக்கத்துக் குமிழ்களும் அப்படித்தான்.

"சந்தோஷம், டாக்டர்" என்றார் ரூடி.

"எனக்கு ஒண்ணு செஞ்சு தருவீங்களா? அதே சன்னலோட வேணும்."

ரூடி, பார்க்கலாம் என்றார்.

பெட்டியில் ஒன்றுமில்லை என்று டாக்டர் கண்டுபிடித்திருந்தால் ஒரு அவமானத்தோடு போயிருக்கும். அவர் கண்டுபிடித்தது வேறு. நவம்பர் நடுவில், அடித்தள உணவறையில், கோழியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் வெந்து தட்டில் ஆவி பறக்க இருந்தபோது, டாக்டர் ஆர்டிஸுக்கு ஒரு யோசனை சொன்னார்.

"ஆர்டிஸ், மேடையில அந்தக் கீபோர்டும் பெஞ்சும் எதுக்கு சும்மா இடத்தை அடைச்சிட்டு? ஆர்கன்தான் ரூடியோட பெட்டியிலயே இருக்கே. பாலத்துக்கு அந்தப் பக்கம் சுப்பீரியர் ஊர் சர்ச்சுல கூரை ஒழுகி அவங்க கீபோர்டு வீணாப்போச்சாம். கிறிஸ்துமஸ் வருது. குடுத்துடலாமே."

"அட, ஆமாம்ல" என்றார் ஆர்டிஸ். "ரூடி, உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே? நீங்க செஞ்ச பெட்டியாலதான் இது முடியுது."

ரூடி முள்கரண்டியைக் கீழே வைத்தார். மேலே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். சாவிக்கொத்தில் தொங்கிய சின்னத் திருப்புளியால் அடித்தகட்டின் நாலு திருகாணிகளையும் கழற்றி, மேஜைமேல் வரிசையாக வைத்தார். பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாருங்க, ஆர்டிஸ். இதுக்குள்ள எதுவும் கிடையாது. ஒரு கம்பி இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகுது. ஒரு பேட்டரி. விளக்கு எரியறதுக்கு. அவ்வளவுதான்."

ஆர்டிஸ் மூக்குக்கண்ணாடியை இறக்கி உள்ளே பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க, ரூடி."

"இப்பல்லாம் எல்லாமே சின்னதாயிடுச்சு" என்று டாக்டர் விளக்கினார். "கண்ணுக்கே தெரியாது. கம்பிக்குள்ளயே வச்சிடறாங்க."

"இல்ல டாக்டர், நான் சொல்ல வர்றது..."

"இவர் எப்பவும் இப்படித்தான்" என்று ஆர்டிஸ் மேஜை முழுவதற்கும் சொன்னார். "மார்லிஸும் சொல்லுவா, தான் செஞ்சதை ஒருநாளும் செஞ்சதா ஒத்துக்க மாட்டாருன்னு. சாப்பிடுங்க, ஆறிடும்."

அங்கே ஒருவன் தான் செய்தது ஒன்றுமில்லை என்று சொன்னால், மூன்றுமுறை மறுத்துப் புகழ்வது மரியாதை. ஆர்டிஸ் ஒன்று முடித்திருந்தார். இன்னும் இரண்டு பாக்கி இருந்தது. எதிரே வெண்டல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

ஆர்கன் பெஞ்சுக்குள் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரூடி யோசித்தார். சொன்னால், மேடையில் கணினி என்றாகும். குளோக்கே பெண் வருவாள், பெஞ்சில் உட்காருவாள். சொல்லாவிட்டால் பெஞ்சே பாலம் தாண்டிப் போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எதுவும் அவரை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நாலு திருகாணிகளையும் திரும்ப மாட்டினார். கோழி ஆறியிருந்தது.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு மார்லிஸ் கூப்பிடுவாள். மூன்றாவது குளிர்காலமாக வாரம் தவறியதில்லை. பேச்சு ஃபாரன்ஹீட்டில் தொடங்கும், முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும் கணக்கு.

"என்ன டிகிரி அங்க?"

"பத்தொம்போது. காத்து வேற."

"இங்க எழுபத்தாறு. சன்னலைத் திறந்து வச்சிருக்கேன்."

"மார்லிஸ், கீபோர்டை சுப்பீரியருக்குக் குடுக்கறாங்களாம். பெஞ்சையும் சேர்த்து."

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. ரூடிக்கு அது யார் வீட்டு நாய் என்று தெரியாது. கேட்டதுமில்லை.

"எப்ப?"

"சனிக்கிழமை. நீ வேணாம்னா நான் சொல்லி வைக்கலாம். ஏதாவது காரணம் சொல்லிக்கலாம்."

"எதுக்கு? அந்தப் பெஞ்சுல கீல் விரலைக் கடிக்கும். அவங்ககிட்ட சொல்லிடு, பிள்ளைங்க யாராவது கையை விட்டுடப் போறாங்க. உள்ள என் கண்ணாடி கிடக்கும் பாரு. பழசு."

"அனுப்பவா?"

"வேணாம். இங்க வேற வாங்கிட்டேன். குடுத்துடு ரூடி. அதுவும் எத்தனை நாளைக்கு."

ரூடி, சரி என்றார். ஏரி உறையுமுன் கப்பல் போக்குவரத்து எப்போது நிற்கும் என்று அவள் கேட்டாள். சொன்னார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு சுப்பீரியரிலிருந்து வண்டி வந்தது. ரூடி எட்டரைக்கே போய், மெத்தையை எடுத்துவிட்டு மேல்பலகையைத் தூக்கினார். லேப்டாப்பை எடுத்தார். அடியில் பாட்டுப் புத்தகங்கள், ஒரு இருமல் மிட்டாய்ப் பொட்டலம், கண்ணாடி. லேப்டாப்பின் சூட்டில் மேல் புத்தகத்தின் அட்டை கொஞ்சம் பழுத்திருந்தது. எதையும் தொடாமல் மூடினார். கம்பளத்தைத் தூக்கிக் கம்பியை இழுத்துச் சுருட்டினார்.

வண்டியில் வந்த பெண்மணி பெஞ்சைத் திறந்து பார்த்தாள்.

"ஐயோ, உள்ள புத்தகமெல்லாம் இருக்கே. யாருதுங்க? ஒரு கண்ணாடிகூட இருக்கு."

"பெஞ்சோடதுதான்" என்றார் ரூடி. "கீல் கடிக்கும். பாத்துக்கங்க."

இரண்டு பேராகத் தூக்கி ஏற்றினார்கள். மேடைக் கம்பளத்தில் பெஞ்சுக் கால்கள் நின்ற இடத்தில் நாலு பள்ளம் இருந்தது.

மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு. நாலு மெழுகுவர்த்தியில் ஒன்றை ஏற்றினார்கள். ரூடி பெட்டியைத் தரையில் வைத்தார். கிடாரிலிருந்து பெட்டிக்குக் கம்பி, பெட்டியிலிருந்து நேராகக் கிடார் ஒலிபெருக்கிக்கு. வேறெதுவும் இல்லை. வெண்டல் பார்த்தான்.

"இப்ப என்னடா பண்ணப்போற?"

"வாசிக்கப்போறேன்."

"ஆர்கன்?"

ரூடி பெட்டியை மிதித்தார். விளக்கு எரிந்தது. சன்னலில் காலாவதித் தகடு பளிச்சென்று தெரிந்தது. வாசித்தார். கிடார் கிடாராகவே ஒலித்தது. முன்வரிசையில் ஆர்டிஸ் சிவப்பு விளக்கைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு பாடினார். டாக்டர் கண்ணை மூடியிருந்தார். மூன்றாம் வரிசையில் செத்துப்போனவரின் ஓரத்தை விட்டுவிட்டு எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் சரணத்தில் ரூடியின் விரல் ஒரு நரம்பை வளைத்துவிட்டது. திட்டமெல்லாம் இல்லை. கேட்டுக் குழம்புவதற்கு எதுவும் பெஞ்சில் இல்லை, பெஞ்சும் இல்லை, வளைந்தது. ஒலி அரைச்சுரம் ஏறி, கொஞ்சம் நடுங்கி, இறங்கி வந்தது. வெண்டல் ஒரு தாளத்தட்டைத் தவறவிட்டான்.

கீழே காபிக்கு வரிசையில் நின்றபோது டாக்டர் தோளில் தட்டினார். "இன்னிக்கு ஆர்கன் இன்னும் தெளிவு. பழைய கீபோர்டு ஏதோ குறுக்க இழுத்திட்டிருந்திருக்கு." ஆர்டிஸ் எலுமிச்சைத் துண்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அவர் ரூடியை நேராகப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார்.

"இன்னிக்கு ஆர்கன் வித்தியாசமா இருந்துச்சு, ரூடி."

"ஆமா" என்றார் ரூடி. இந்தத் தடவை ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"என்ன டிகிரி?"

"பதினொண்ணு."

"இங்க எழுபத்திநாலு. நேத்து வந்து எடுத்துட்டுப் போனாங்களா?"

"எடுத்துட்டுப் போனாங்க."

"அப்ப இன்னிக்கு ஆர்கன் யாரு வாசிச்சா?"

பெட்டி சமையலறை மேஜைமேல் இருந்தது. விளக்கை அணைக்க மறந்திருந்தார். காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது.

"யாரும் வாசிக்கல."

"சபையில என்ன சொன்னாங்க?"

"வித்தியாசமா இருந்துச்சுன்னாங்க."

மார்லிஸும் அந்த ஊரில் பிறந்தவள்தான். அந்த வார்த்தையின் எடை அவளுக்குத் தெரியும். நாய் குரைத்தது, யாரோ அதை உள்ளே கூப்பிட்டார்கள்.

"யாரு சொன்னா? ஆர்டிஸா?"

"ஆர்டிஸ்தான்."

"பரவால்ல, விடு" என்றாள். "அங்க இன்னும் பனி விழலையா?"

"புதன்கிழமை விழும்னு சொல்றாங்க" என்றார் ரூடி. பேச்சு முடிந்ததும் பெட்டியைக் கவிழ்த்துப் பேட்டரியைக் கழற்றினார்.